தொலைந்ததா, பறித்ததா? - ஒரு எஃப்.ஐ.ஆர். கதை

2011 நவராத்திரி சமயம். தில்லியை ஒட்டிய ஊர்களில் ஒன்றில் அப்போது குடியிருந்தோம். எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் ஒரு கும்பகோணம் மாமா, மாமி. மாமா ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனோடு இருக்கலாம் என்று வந்தார்கள். மகன் ஆன்சைட் என்று அமெரிக்கா போய்விட்டான். வடக்கே வந்து சேர்ந்த நம் பெரியவர்கள் பலருடைய கதை இதுதானே!

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கொலு பார்த்துவிட்டு, கையில் வெற்றிலை பாக்கும் சுண்டல் பொட்டலமுமாக மாமி நடந்து வந்துகொண்டிருந்தார். பைக்கில் இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் கையை நீட்டித் தாலிக்கொடியை இழுத்தான். கொடி அறுந்து அவன் கையோடு போய்விட்டது. மாமி கீழே விழுந்து முழங்கை சிராய்த்து, கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு.

மாமாவுக்கு ஹிந்தி வராது. எனக்கு ஓரளவு வரும். (என் ஹிந்தியைக் கேட்டுத் தங்கமணி சிரிப்பது தனிக்கதை.) ஆக, துபாஷி வேலை எனக்கு. எந்தக் காவல் நிலையம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்பதுதான் இந்தப் பதிவின் விஷயமே.

மாமா அழகான ஆங்கிலத்தில், காற்புள்ளி அரைப்புள்ளி பிசகாமல் புகார் எழுதிக் கொண்டுவந்திருந்தார். எழுத்தர் மேஜையில் இருந்தவர் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு என்னிடம் பிரியமாகவே சொன்னார்: "பாய்ஸாப், இதில் 'பறித்தான்' என்று வேண்டாம். 'கும் ஹோ கயீ' என்று எழுதிக் கொடுங்கள். இப்போதே முத்திரை குத்திக் கொடுத்துவிடுகிறேன்."

கும் ஹோ கயீ. தொலைந்து போய்விட்டது.

நான் மொழிபெயர்த்தேன். மாமாவுக்குச் சட்டென்று புரியவில்லை. மாமிக்குப் புரிந்துவிட்டது.

"என்னது? தாலியைத் தொலைச்சுட்டேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா? இவர் என் பக்கத்துல உக்காண்டிருக்கார்! நான் தொலைக்கலைப்பா. அவன் பிடுங்கிண்டு போனான். அதைச் சொல்லு அவாகிட்ட."

சொன்னேன். எழுத்தர் சிரித்தார். "ஒரே அர்த்தம்தானே?" என்றார்.

ஒரே அர்த்தமா? அன்றிரவு வீடு திரும்பியதும் தேட ஆரம்பித்தேன். அன்றிலிருந்து இத்தனை வருஷத்தில் படித்துத் தெரிந்துகொண்டதுதான் கீழே வருவது. ஒரே அர்த்தம் இல்லை நண்பர்களே. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் 160 வருஷ வரலாறு இருக்கிறது.

*

தில்லி போலீஸ் தங்களிடம் இருக்கும் மிகப் பழைய எஃப்.ஐ.ஆர்.களில் ஒன்றை அடிக்கடி பெருமையாகக் காட்டுவதுண்டு. 1861 அக்டோபர் 18, சப்ஜி மண்டி காவல் நிலையம். கட்ரா ஷீஷ் மஹல் பகுதியில் வசித்த ஒருவர் தன் வீட்டில் திருட்டுப் போனதாகக் கொடுத்த புகார், உருது மொழியில். போனவை சில சமையல் பாத்திரங்கள், ஒரு ஹூக்கா, பெண்கள் துணிமணி. மொத்த மதிப்பு 45 அணா. அதாவது 2 ரூபாய் 13 அணா.

இரண்டே முக்கால் ரூபாய்ச் சொச்சத்துக்கு எழுதிக்கொண்டார்கள்! 2011-ல் ஆறு பவுனுக்கு ஒரு பக்கம் எழுதுவதற்கு இவ்வளவு யோசனை. நடுவில் என்ன ஆயிற்று?

உண்மையைச் சொன்னால், நடுவில் எதுவும் ஆகவில்லை. கோளாறு தொடக்கத்திலேயே இருந்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். நம் சென்னை மாகாணத்தில் வரி வசூலிப்பதும் திருடனைப் பிடிப்பதும் ஒரே ஆட்கள் கையில் இருந்த காலம் ஒன்று உண்டு. வரி கட்டாதவனுக்கும் அடி, சந்தேகப்பட்டவனுக்கும் அடி. விஷயம் லண்டன் நாடாளுமன்றம் வரை போய், விசாரணைக் கமிஷன் போட்டார்கள். 1855-ல் வந்த அதன் அறிக்கையைச் 'சென்னை சித்திரவதைக் கமிஷன் அறிக்கை' என்றே வரலாற்றில் சொல்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. ரயில் வசதி இல்லாத நாளில் எங்கெங்கிருந்தோ கிளம்பி வந்து சாட்சி சொன்னார்கள். 'என் புகாரை யாராவது எழுதிக்கொள்ளுங்கள்' என்று நம் ஆட்கள் நடந்த நடை அப்போதே தொடங்கிவிட்டது.

அதன் பிறகு 1859-ல் சென்னை மாகாணத்துக்கு ஒரு போலீஸ் சட்டம் வந்தது. அதற்குள் 1857 கலகமும் நடந்து முடிந்திருந்தது. வெள்ளைக்காரனுக்கு அப்போது வேண்டியிருந்தது திருட்டைக் கண்டுபிடிக்கும் போலீஸ் இல்லை, இன்னொரு கலகம் வராமல் பார்த்துக்கொள்ளும் போலீஸ். அயர்லாந்தை அடக்கி வைக்க உருவாக்கிய கான்ஸ்டபுலரியை மாதிரியாக வைத்து 1861-ல் இந்திய போலீஸ் சட்டம் எழுதினார்கள். இந்தப் படை பதில் சொல்ல வேண்டியது மேலே இருக்கும் அதிகாரிக்கு. வாசலில் நிற்கும் ஜனத்துக்கு இல்லை.

அதே 1861-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் வந்தது. பிறகு பலமுறை திருத்தி எழுதப்பட்டு, 1898 சட்டத்தில் நாம் நன்றாக அறிந்த 154-ஆம் பிரிவு இருந்தது. போலீஸ் தானே கைது செய்யக்கூடிய கடுமையான குற்றம் ஒன்றைப் பற்றி யாராவது வாயால் சொன்னாலும், நிலைய அதிகாரி அதை எழுதிக்கொண்டு, சொன்னவருக்குப் படித்துக்காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். 1973-ல் புதுச் சட்டம் வந்தபோதும் அதே 154. கூடுதலாக, ஒரு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். நிலையத்தில் மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம் என்றும் சேர்த்தார்கள். (இதைக் குறித்துக்கொள்ளுங்கள், மாமி கதையில் வரும்.)

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் எழுத மறுக்கிறார்கள்? சோம்பேறித்தனம், லஞ்சம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டும் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றைவிடப் பெரிய காரணம் வெறும் கணக்கு. எஃப்.ஐ.ஆர். எழுதினால் அது ஒரு எண். மாதக் கூட்டத்தில் அந்த எண் மேலதிகாரி முன்னால் போகும். 'போன மாதம் நான்கு செயின் பறிப்பு, இந்த மாதம் ஒன்பதா? என்ன செய்துகொண்டிருக்கிறாய்?' ஒன்பதை நான்காக்க இரண்டு வழி. பறிப்பவனைப் பிடிக்கலாம். அல்லது ஐந்து பேரிடம் 'தொலைந்து போனது' என்று எழுதி வாங்கலாம். எது சுலபம்?

இதற்குப் போலீஸ் வட்டாரத்தில் ஒரு ஆங்கிலச் சொல்லே இருக்கிறது: 'பர்க்கிங்'. 1828-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வில்லியம் பர்க் என்பவன் கூட்டாளி ஹேருடன் சேர்ந்து, ஆட்களை மூச்சுத் திணறடித்துக் கொன்று, உடலை மருத்துவப் பாடம் நடத்துபவருக்கு விற்றுக்கொண்டிருந்தான். மேலே காயம் தெரியாது. அவன் பெயர் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகிவிட்டது. சத்தமில்லாமல் அமுக்கிவிடுவது என்று அர்த்தம். வந்த புகாரை அமுக்குவதற்கும் அதே பெயர். ஒரு தப்புக்கு இவ்வளவு பொருத்தமான பெயரைத் துறைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்றால், அது எவ்வளவு சகஜம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இது தெரியாத விஷயமும் இல்லை. 1902-ல் ஆண்ட்ரூ ஃப்ரேசர் தலைமையில் கர்சன் பிரபு போட்ட கமிஷன், போலீஸ் திறமையில்லாமலும் ஊழலோடும் மக்களை ஒடுக்குவதாகவும் இருக்கிறது என்று எழுதிவைத்தது. அவசரநிலை முடிந்ததும் 1977-ல் அமைத்த தேசிய போலீஸ் கமிஷன் எட்டு அறிக்கைகள் கொடுத்தது. எல்லை எந்த நிலையத்துடையது என்று பார்க்காமல் முதலில் வழக்கைப் பதிவு செய்ய வேண்டும், அதற்காக 154-ஐத் திருத்த வேண்டும் என்று 1980-லேயே சொன்னது. அறிக்கைகள் அலமாரிக்குப் போயின.

*

மாமிக்குப் போனது தங்கம். அதே ஒரு வார்த்தையால் வேறு சிலர் இழந்தது என்ன என்பதை நொய்டாக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள்.

நிட்டாரி. நொய்டா 31-ஆம் செக்டருக்குள் அகப்பட்டுக்கொண்ட பழைய கிராமம். சுற்றிலும் பங்களாக்கள். கிராமத்துக்குள் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் உள் மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். துணி தேய்ப்பவர்கள், ரிக்‌ஷா ஓட்டுபவர்கள், பங்களாக்களில் பாத்திரம் தேய்ப்பவர்கள். அவர்களும் நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்கள்தான். என்ன, அவர்களுக்காகப் புகார் எழுத ஒரு ஹெட்மாஸ்டர் மாமா இல்லை.

2005-லிருந்து அங்கே குழந்தைகள் காணாமல் போக ஆரம்பித்தார்கள். பெற்றோர் போட்டோவை எடுத்துக்கொண்டு போலீஸிடம் போனார்கள். கிடைத்த பதில் என்ன தெரியுமா? ஓடிப்போயிருப்பாள். யாரோடாவது போயிருப்பாள். சொந்தக்காரர் வீட்டில் தேடிப் பாருங்கள். 'கும் ஹோ கயீ'யின் இன்னொரு வடிவம் இது. 'ஓடிப்போனாள்' என்றால் குற்றம் இல்லை. குற்றம் இல்லை என்றால் விசாரணை இல்லை.

2006 மே மாதம் ஒரு இளம்பெண் காணாமல் போனார். அவருடைய அப்பா விடவில்லை. நிலையத்துக்கு நடந்து நடந்து சலித்து, நீதிமன்றம் போய், அதன் பிறகுதான் அக்டோபரில் வழக்குப் பதிவானது. ஐந்து மாதம்! அந்த வழக்கின் விசாரணைதான் 2006 டிசம்பர் 29 அன்று ஒரு பங்களாவின் பின்புற வடிகாலுக்குக் கொண்டுபோய் விட்டது. எலும்புகளும் மண்டையோடுகளும் வெளியே வந்தன. பெரும்பாலும் குழந்தைகளுடையவை.

அதற்குச் சில வாரங்கள் முன்னால், அதே நவம்பரில், அதே நொய்டாவில், ஒரு பன்னாட்டு மென்பொருள் நிறுவனத்தின் இந்தியத் தலைவருடைய மூன்று வயது மகன் கடத்தப்பட்டான். போலீஸ் படையே இறங்கியது. சில நாட்களில் குழந்தை பத்திரமாக வீடு திரும்பினான். அந்தக் குழந்தை திரும்பியதில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் நிட்டாரிப் பெற்றோர் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்பார்கள்? முடியாத வேலை இல்லை என்று அந்த வாரம் நிரூபணம் ஆகிவிட்டதே!

புத்தாண்டு அன்று ஊர்மக்கள் போலீஸ் மீது கல்லெறிந்தார்கள். மாநில அரசு இரண்டு எஸ்.பி.க்களைத் தற்காலிக நீக்கம் செய்தது. ஆறு போலீஸ்காரர்களுக்கு வேலை போனது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. மத்திய மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் அமைத்த குழுவும் உள்ளூர் போலீஸின் அலட்சியத்தைக் கண்டித்தது.

அதன் பிறகு நடந்தது இன்னும் கொடுமை. கைதான இருவருக்கும் மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், விசாரணை நடந்த விதத்தைக் கடுமையாகச் சாடிவிட்டு, தன் முன் இருந்த வழக்குகளில் இருவரையும் விடுதலை செய்தது. 2025 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் மிச்சமிருந்த கடைசி வழக்கிலும் தண்டனையை ரத்து செய்தது. இவ்வளவு நீண்ட விசாரணைக்குப் பிறகும் உண்மையான குற்றவாளி யார் என்று நிலைநாட்ட முடியாமல் போனதற்கு வருத்தமும் தெரிவித்தது.

ஆக, கிட்டத்தட்ட 19 வருஷம் கழித்து, அந்தக் குழந்தைகளை யார் கொன்றார்கள் என்ற கேள்விக்குச் சட்டப்படி பதில் இல்லை. முதல் குழந்தை காணாமல் போன வாரத்திலேயே ஒருவர் பேனாவை எடுத்து எழுதியிருந்தால்? சாட்சிகளுக்கு ஞாபகம் இருந்திருக்கும், தடயம் அழிந்திருக்காது. சில குழந்தைகள் காணாமலே போகாமல் இருந்திருக்கலாம். எழுதாமல் விட்ட எஃப்.ஐ.ஆரின் விலை அதுதான்.

*

நிட்டாரிக்குச் சில மாதங்கள் முன்னால், 2006 செப்டம்பர் 22 அன்று, பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. பிரகாஷ் சிங் உத்தரப் பிரதேசத்தின் டி.ஜி.பி.யாக இருந்தவர். 1996-ல் அவரே வழக்குப் போட்டார். குற்ற விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் தனித்தனியாகப் பிரியுங்கள், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஒரு அமைப்பு வையுங்கள் என்பவை உட்பட ஏழு உத்தரவுகள். பல மாநிலங்கள் அதைப் பாதி செய்தும் செய்யாமலும் ஒப்பேற்றின.

அடுத்தது 2008. தில்லியை ஒட்டிய காசியாபாத் மாவட்டத்தின் லோனி. ஆறு வயதுச் சிறுமி மே மாதம் காணாமல் போனாள். அப்பா புகார் கொடுத்தார். பதிவாகவில்லை. எஸ்.பி.யைப் பார்த்த பிறகு பதிவானது, ஆனால் தேடவில்லை. பிழைக்க வந்த ஏழை மனிதர் உச்ச நீதிமன்றத்துக்கே போய்விட்டார். 'புகார் வந்தால் பதிவு செய்துதான் ஆகவேண்டுமா, இல்லை உண்மையா பொய்யா என்று போலீஸ் முதலில் விசாரித்துப் பார்க்கலாமா?' இந்த ஒரு கேள்வி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு வரை போனது.

2013 நவம்பர் 12-ல் தீர்ப்பு. 'லலிதா குமாரி எதிர் உத்தரப் பிரதேச அரசு' என்று சட்டக் கல்லூரிகளில் இன்று பாடம். அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அப்போதைய தலைமை நீதிபதி ப. சதாசிவம். நம் ஈரோடு மாவட்டத்துக்காரர். கடுமையான குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் பதிவு செய்வது கட்டாயம், அதில் போலீஸுக்கு விருப்புரிமை இல்லை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. குடும்பத் தகராறு, வியாபாரத் தகராறு, மருத்துவ அலட்சியம், ஊழல், ரொம்பத் தாமதமாக வந்த புகார் மாதிரியான சிலவற்றில் மட்டும், குறிப்பிட்ட நாட்களுக்குள் முன்விசாரணை செய்யலாம். 2012-ல் நாடு முழுவதும் சுமார் 60 லட்சம் குற்றங்கள் பதிவாயின, பதிவாகாமல் அமுக்கப்பட்டவையும் ஏறக்குறைய அதே அளவு இருக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பதிவான ஒவ்வொன்றுக்கும், பதிவாகாத இன்னொன்று!

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். 154 இப்போது 173 ஆகிவிட்டது. எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் ('ஜீரோ எஃப்.ஐ.ஆர்.'). மின்னணு முறையில் அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போடலாம். 1980-ல் சொன்னது 44 வருஷம் கழித்துச் சட்டத்தில் ஏறியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் கூடவே ஒரு சந்தும் வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷம் முதல் ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முன்விசாரணை செய்யலாமாம். செயின் பறிப்பு இப்போது தனிக் குற்றம், மூன்று வருஷம் வரை தண்டனை. அதாவது அந்தச் சந்துக்குள் வந்துவிடுகிறது.

பொய்ப் புகார் கொடுப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். நிலத் தகராறுக்குத் திருட்டு வழக்கு, கடன் தகராறுக்குக் கொள்ளை வழக்கு எல்லாம் நம் ஊரிலும் பார்த்ததுதான். ஒரு அதிகாரி தலையில் நூறு வழக்கு விழுந்தால் எதை விசாரிப்பார் என்பதும் நியாயமான கேள்வி. அதற்கு ஆள் சேர்க்க வேண்டும், விசாரணைக்கென்று தனிப் பிரிவு வேண்டும், பொய் என்று தெரிந்தால் வழக்கை முடிக்க வேண்டும். வாசலிலேயே திருப்பி அனுப்புவது அதற்கு வைத்தியமாகாது. காய்ச்சல் குறைய வேண்டும் என்று தெர்மாமீட்டரை உடைப்பார்களா?

*

மாமி கதைக்கு வருவோம்.

அன்று 'தொலைந்தது' என்று எழுதித் தர மாமி கடைசிவரை மறுத்துவிட்டார். இரண்டு நாள் போனோம், இரண்டு நாளும் 'நாளைக்கு வாருங்கள்'. மூன்றாம் நாள், நான் தேடிப் படித்த 154-இன் மூன்றாம் உட்பிரிவைச் சொன்னதும் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மாணவனுக்குக் கட்டுரை திருத்துகிற மாதிரி மூன்று படி எழுதி, கழுத்துக் காயத்துக்கு டாக்டர் கொடுத்த சீட்டையும் இணைத்து, எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். பதினோராம் நாள் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதே எழுத்தர். இந்த முறை டீ வேறு.

எஃப்.ஐ.ஆர். பதிவானது. கொடி கிடைத்ததா? இல்லை. சில மாதம் கழித்து, துப்புத் துலங்கவில்லை என்று வழக்கை முடித்தார்கள். மாமா வேறு கொடி வாங்கிப் போட்டார்.

'பின்னே எதற்கு இவ்வளவு அலைச்சல்?' என்று அப்போது நானே கேட்டேன். மாமா சொன்னார், "அடுத்த மாசம் அதே தெருவுல இன்னொருத்திக்கு நடந்தா, இது ரெண்டாவதுன்னு அவாளுக்குத் தெரியணுமோல்லியோ? நாம எழுதலைன்னா அதுவும் முதல் தடவைதான்."

நமக்கெல்லாம் ஹிந்தி தடுமாறும், ஊர் புதுசு, லீவு கிடைக்காது, நமக்கேன் வம்பு என்று விட்டுவிடுகிறோம். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், வார்த்தையை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். பதிவானதும் இலவச நகலை வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் 'என் பிள்ளையைக் காணோம், போலீஸ்காரர் எழுத மாட்டேன் என்கிறார்' என்று வந்து நின்றால், ஒரு அரை நாள் லீவு போட்டுக் கூடப் போங்கள். நிட்டாரியைச் சுற்றியிருந்த பங்களாக்களிலும் லீவு போடக்கூடியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

மாமா 2019-ல் போய்விட்டார். மாமி சென்னையில் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது சாமான் கட்ட நானும் தங்கமணியும் போயிருந்தோம். ரேஷன் கார்டு, பென்ஷன் காகிதம் எல்லாம் வைத்திருந்த பைலில் அந்த எஃப்.ஐ.ஆர். நகலும் இருந்தது. எட்டு வருஷத்தில் மை கொஞ்சம் மங்கியிருந்தது. மாமிக்கு ஹிந்தி படிக்கத் தெரியாது. என்னிடம் நீட்டினார்.

"இதுல 'பிடுங்கிண்டான்'னுதானே போட்டிருக்கு? ஒருதரம் படிச்சுச் சொல்லேன்."

படித்துச் சொன்னேன். அப்படித்தான் போட்டிருந்தது. வாங்கி மடித்துத் திரும்ப அதே பைலில் வைத்துக்கொண்டார்.